குணமானவர்கள் பட்டியல்

கண்டக்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். மற்ற நேரமெல்லாம் அது தெருமுனை வரை கேட்கும்; பதினாறு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டை. அவள் சத்தம் போட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அடங்கிய குரலில் பேச ஆரம்பித்தால்தான் பக்கத்தில் இருப்பவர்கள் செருப்பைத் தேடுவார்கள். இந்தக் கதை நடந்த மாதத்தில் கடைசி மூன்று வாரம் அவள் குரல் உயரவே இல்லை. செருப்பைத் தேட வேண்டியவர்கள் தேடினார்களா என்றால், அதுதான் இல்லை.

அவள் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். சண்டை தொடங்கிய இரண்டாவது வருஷம் அவளுடைய பஸ்ஸின் மேல் குண்டு விழுந்தது. டிரைவரும் பயணிகள் பதினொரு பேரும் செத்தார்கள். பின்படியில் நின்றிருந்த இவள் வெளியே தூக்கி எறியப்பட்டுத் தோள்பட்டை எலும்பு உடைந்ததோடு தப்பித்தாள். குண்டு எந்தப் பக்கத்துக் குண்டு என்று இரண்டு தரப்பும் மாறி மாறி அறிக்கை விட்டன. இரண்டு அறிக்கையிலும் செத்தவர்களின் எண்ணிக்கை தப்பு. ஒன்றில் ஒன்பது, இன்னொன்றில் பதினான்கு. பன்னிரண்டு பேரையும் பெயரோடு தெரிந்தவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த இரண்டையும் வாசித்தாள். அந்த வழித்தடத்தில் அதற்குப் பிறகு பஸ் ஓடவில்லை.

கணவர் சண்டைக்கு முன்பே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தவர். வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும். நாத்தனார் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வாய் மட்டும் அண்ணிக்குச் சளைத்ததில்லை.

வைத்திய உதவி நிறுவனம் ஒன்று ஊருக்கு வந்து, மூடிக் கிடந்த தபால் நிலையத்தில் மையம் திறந்தது. தபால்தலை விற்ற கம்பி ஜன்னலில் பெயர் பதிந்தார்கள். கடிதம் பிரிக்கிற மர அறைகளில் மாத்திரைப் பெட்டிகள் ஏறின. பார்சல் அறையை ஒட்டுப்பலகை அடித்து இரண்டாக்கி, ஒரு பாதியில் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள். மறுபாதிக்குப் ‘பேசும் அறை’ என்று பெயர் வைத்தார்கள். அதன் வாசலில், பலகைச் சுவரை ஒட்டி, ஒரு நீள பெஞ்சு.

கண்டக்டரம்மாவை முதலில் எடுத்தது கூட்டத்தை ஒழுங்குபடுத்தத்தான். “முன்னாடி நகருங்க, உள்ள இடம் இருக்கு, வாசல்ல அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க” என்று அவள் போட்ட முதல் சத்தத்திலேயே முந்நூறு பேர் வரிசையாகிவிட்டார்கள். கட்டுப் போட்டு முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அவளிடம் நின்று பேசுவதை டாக்டர் கவனித்தாள். வெளியூர்ப் பெண், வயது முப்பதுக்குள், தூக்கம் போதாத கண். “அக்கா, நீங்க உள்ள உக்காந்து இதைச் செய்யுங்க” என்று பன்னிரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பி வைத்தாள். திரும்பி வந்தபோது கண்டக்டரம்மாவின் அடையாள அட்டையில் ‘ஆலோசகர்’ என்று இருந்தது. ஊரில் ஒருத்தரும் அப்படிக் கூப்பிடவில்லை.

வேலை இதுதான். வந்து உட்காருபவர் பேசுவதைக் கேட்க வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. கண்டக்டரம்மாவுக்கு இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. பேசி முடித்ததும் படிவத்தை எடுத்து ஒன்பது கேள்வி கேட்க வேண்டும். தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, எதிலாவது மனசு ஒட்டுகிறதா என்று போகும். ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஒரு எண். தொல்லை கூடினால் எண் கூடும். கூட்டுத்தொகை ஐந்துக்குக் கீழே வந்து இரண்டு மாதம் அப்படியே நின்றால், அவர் குணமானவர்.

முதல் நாலு மாதம் யாருக்கும் எண் குறையவில்லை. அப்புறம் குறைய ஆரம்பித்தது பாருங்கள், மளமளவென்று குறைந்தது. இருபதில் இருந்தவர்கள் பதினாறுக்கு வந்தார்கள், பதினாறு பத்தானது, பத்து நாலானது. தெருவோடு போன பட்டாளத்து வண்டிச் சத்தத்துக்கே மயங்கி விழுந்தவள் “இப்ப நல்லாத் தூங்கறேம்மா” என்றாள். கண்டக்டரம்மா வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் பெருமை அடித்துக்கொண்டாள். அந்த வட்டாரத்திலேயே குணமானவர்கள் அதிகம் உள்ள மையம் என்று தலைமை அலுவலகம் சான்றிதழ் கொடுத்தது. அதைக் கொண்டுவந்தவர் மாதம் ஒரு முறை வெள்ளை வண்டியில் வந்து படிவங்களை வாங்கிப் போகிறவர். கண்டக்டரம்மா அவருக்கு வைத்த பெயர் அறிக்கைக்காரர்.

“ஊர்ல எல்லாருக்கும் தூக்கம் வருதான்னு கேக்கறீங்களே அண்ணி, நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?” என்றாள் நாத்தனார். கண்டக்டரம்மா அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

பதினான்காவது மாதத்தின் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. இந்த மையம் தன் நோக்கத்தை வெற்றிகரமாக நிறைவேற்றிவிட்டது என்று ஆரம்பித்து, நன்றி, பெருமை, மகிழ்ச்சி என்று இரண்டு பத்தி போய், மூன்றாவது பத்தியில் விஷயத்துக்கு வந்தது. மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். காயத்துக்குக் கட்டுப் போட வாரம் ஒரு வண்டி வரும். மனசுக்கு வண்டி கிடையாது. தேவைப்படுபவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம். பெரிய ஆஸ்பத்திரி இரண்டு சோதனைச் சாவடி தாண்டி இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு நாற்காலி காலியாகி மூன்று வருஷம் ஆகிறது. கை கழுவுவதற்கு இத்தனை மரியாதையான கடிதத்தை அவள் பார்த்ததில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

“முடிவு மேலயே பண்ணிட்டாங்கக்கா. நானும் பேசிப் பார்த்தேன்” என்றாள் டாக்டர். “முப்பத்தாறு பேர்ல முப்பத்து மூணு பேர் குணமாயிட்டாங்கன்னு நம்ம அறிக்கையே சொல்லுதாம். குணமானவங்களுக்கு எதுக்கு மையம்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது? எழுதினது நாமதானே.”

எழுதினது நாமதானே என்பது கண்டக்டரம்மாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. குணமானவர்களை ஒருமுறை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவோம், அப்புறம் நிம்மதியாகக் கோபப்படலாம் என்று பட்டியலை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதல் பெயர் தையல்காரர். முதல் தடவை வந்தபோது அவருக்கு இருபத்து மூன்று. இரண்டு பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் ஒரே நாளில் பறிகொடுத்தவருக்கு இருபத்து மூன்று குறைச்சல் என்றே அன்றைக்கு அவளுக்குப் பட்டது. போன வாரம் அவருக்கு ஒன்று. ஒன்றுதான்.

மத்தியான வெயிலில் அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மனைவி திறந்தாள். முன் அறையில் தையல் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. துணி வெட்டுகிற பெரிய மேஜைக்கு அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, பத்து நாள் தாடியோடு தையல்காரர் உட்கார்ந்திருந்தார்.

“பகல்ல அங்கதான்மா இருப்பாரு. சத்தம் கேட்டா இன்னும் உள்ள போயிடுவாரு” என்றாள் மனைவி. “உங்ககிட்ட வர்ற அன்னிக்கு மட்டும் சவரம் பண்ணிக்கிட்டு, தேச்ச சட்டை போட்டுக்கிட்டு வருவாரு.”

கண்டக்டரம்மா தோள்வலியோடு குனிந்து, தரையில் உட்கார்ந்து, மேஜைக்குள் தலையை நுழைத்தாள்.

“என்னண்ணே இது? போன வாரம் நல்லாத் தூங்கறேன்னு சொன்னீங்க. மொத்தமே ஒண்ணுதான் போட்டேன்.”

“அந்த ஒண்ணு கூட வேணாம்னு பார்த்தேன். எல்லாமே பூஜ்யம்னா சந்தேகப்படுவாங்கன்னு பெஞ்சுல பேசிக்கிட்டாங்க.”

“பெஞ்சுல யாரு பேசிக்கிட்டாங்க?”

“எல்லாரும்தான்.”

அவர் மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த ஒட்டுப்பலகைக்கு இந்தப் பக்கம் பெஞ்சு. உள்ளே பேசுவது முழுக்க வெளியே கேட்கும். ஆரம்பத்திலிருந்தே கேட்கும்; அவளிடம் சொன்னால் பெஞ்சை எடுத்துவிடுவார்கள், நிற்க வேண்டிவரும் என்று யாரும் சொல்லவில்லை. நாலாவது மாதம் அறிக்கைக்காரர் உள்ளே உட்கார்ந்து படிவங்களைப் புரட்டிக்கொண்டு, “ஏன் நம்பர் இவ்வளவு அதிகமா இருக்கு, இது குறையணும்மா, மேல கேக்கறாங்க” என்று சொன்னதும் பெஞ்சுக்குக் கேட்டது. அதற்கு முந்தின மாதம்தான் கட்டுப் போடுகிற நர்ஸ் ஒருத்தியை ஆள் அதிகம் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

“அந்த நம்பர் உங்களுக்குப் போடற மார்க்குன்னு நெனச்சோம்மா. அதிகமா இருந்தா உங்க வேலைக்கு ஆபத்துன்னு புரிஞ்சுது. நீங்களும் போயிட்டா நாங்க யார்கிட்டப் பேசறது? அதான் குறைச்சோம். திடுதிப்புனு குறைக்கலை, மாசத்துக்கு ரெண்டு மூணுன்னு பார்த்துப் பார்த்துத்தான். புதுசா வர்றவங்களுக்கும் பெஞ்சுலயே சொல்லிக் குடுத்துடுவோம். மொத தடவை நிஜத்தைச் சொல்லு, அப்புறம் படிப்படியா இறங்குன்னு.”

கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்த ஆள் அவள். ஒரு ஊரே சேர்ந்து பத்து மாதமாக அவள் காதில் பூச்சுற்றியிருக்கிறது.

“எனக்கு ஒரு சந்தேகம் கூட வரலையேண்ணே.”

“நம்பர் குறைஞ்சா உங்க முகம் மலர்ந்துடும்மா. அதைப் பார்த்துட்டு யாருக்கு மனசு வரும், கூட்டிச் சொல்ல?”

அவர்கள் மேல் வந்த கோபம் பாதிதான். மீதி தன்மேல். அழ வந்தவர்கள் தன் முகத்தைப் பார்த்து, தன் மனசு நோகாமல் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தானும் பல்லைக் காட்டிக்கொண்டு அதை வாங்கி எழுதியிருக்கிறோம். யார் யாருக்கு வைத்தியம் பார்த்தது?

“சரி. ஒன்பதாவது கேள்வி. நிஜமா எத்தனை?”

தையல்காரர் மனைவி இருந்த பக்கம் பார்த்தார். அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

“மூணு. தினமும்தான். எப்பவும் மூணுதான்மா.”

அன்றைக்கே அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மையத்துக்கு நடந்தாள். டாக்டர் அவரோடு ஒரு மணி நேரம் இருந்தாள். மாத்திரையை மாற்றி, தனியாக விடக் கூடாது என்று மனைவியின் அண்ணனை வீட்டில் வந்து தங்கச் சொல்லி ஆள் அனுப்பினாள். பிறகு கண்டக்டரம்மாவைத் தனியே கூப்பிட்டாள்.

“வாரா வாரம் நாம பார்த்தே ஆகணும்க்கா. குறைஞ்சது ஆறு மாசம். நடுவுல விட்டா நான் உத்தரவாதம் கிடையாது.”

மையத்துக்கு மிச்சம் இருந்தது இருபத்து நாலு நாள்.

அடுத்த ஆறு நாளில் கண்டக்டரம்மா பட்டியல் முழுக்க ஏறி இறங்கிவிட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் திட்டு, அப்புறம் கேள்வி. “என் தலையில மிளகா அரைச்சது போதும், இப்ப நிஜத்தைச் சொல்லுங்க” என்றாள். சிலர் அழுதார்கள். இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டார்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், சொன்ன எண்ணை மாற்றுவது மரியாதை இல்லை என்று முக்கால் மணி நேரம் வாதாடிவிட்டு, கடைசியில் இருபது என்று ஒப்புக்கொண்டார். குணமான முப்பத்து மூன்று பேரில் நிஜமாகவே தேறியவர்கள் நாலு பேர். மற்ற இருபத்தொன்பது பேருக்கும் புதுப் படிவம் எழுதினாள். இந்தத் தடவை முகத்தைத் தூக்கவே இல்லை. தாளைப் பார்த்தே கேட்டாள்.

அறிக்கைக்காரர் வந்ததும் புதுப் படிவக் கட்டை அவர் முன் வைத்தாள். டாக்டரும் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் வாசித்தார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

“நான் நம்பறேன்மா. ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது?” என்றார். “மூடப்போறோம்னு சொன்ன பத்து நாளைக்குள்ள இருபத்தொன்பது பேருக்கு ஒரே நேரத்துல நோய் திரும்பியிருக்கு. மேல இதைப் பார்த்தா என்ன சொல்வாங்க? வேலையைக் காப்பாத்திக்க எழுதிக்கிட்டாங்கன்னு சொல்வாங்க.”

“பொய்யை எழுதினப்ப சான்றிதழ் குடுத்தீங்க சார். நிஜத்தை எழுதினா திருட்டுங்கறீங்க.”

“பழைய அறிக்கை போயாச்சு. அதைக் காட்டித்தான் இன்னொரு ஊர்ல புது மையத்துக்கு அனுமதி வாங்கியிருக்காங்க. அங்கயும் ஜனங்க சாகறாங்கம்மா.”

அங்கேயும் சாகிறார்கள்தான். ஒரு ஊரின் வாயை அடைத்து இன்னொரு ஊருக்கு ஊட்டுவதை வெற்றி என்று எழுதுகிறவர்களை நினைத்துக்கொண்டே படிவங்களை மறுபடி அடுக்கினாள்.

“அங்க பெஞ்சை எங்க போடப்போறீங்க சார்?” என்று மட்டும் கேட்டாள். அவருக்குப் புரியவில்லை.

டாக்டர் மூன்று கடிதம் எழுதினாள். ஒன்றுக்குப் பதில் வந்தது. கவனத்தில் கொள்ளப்பட்டது என்று ஒற்றை வரி. கண்டக்டரம்மா இருபத்தொன்பது பேருக்கும், குணமானவர் பட்டியலில் வராத மூன்று பேருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கடிதம் எழுதிக் கொடுத்தாள். கொடுக்கும்போது யார் கண்ணையும் பார்க்கவில்லை. வெறும் கண்துடைப்பு என்று கொடுத்தவளுக்கும் தெரியும், வாங்கினவர்களுக்கும் தெரியும்.

கடைசி நாள் காலையில் மர அறைகளிலிருந்து மாத்திரைப் பெட்டிகளை இறக்கினார்கள். பேசும் அறையில் மேஜையும் இரண்டு நாற்காலியும் மட்டும் மிச்சம். யாரையும் வரச் சொல்லவில்லை. ஆனாலும் பெஞ்சு நிறைந்திருந்தது. இடம் போதாதவர்கள் சுவரோரம் நின்றார்கள். தையல்காரர், மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். அன்றைக்கு அவர் சவரம் செய்யாமலே வந்திருந்தார்.

அறிக்கைக்காரர் உள்ளே வந்து ஒரு தாளை நீட்டினார்.

“வேலை முடிஞ்சு போற ஊழியர்களுக்கான நலப் படிவம்மா. நாம எல்லார்கிட்டயும் கேக்கற அதே ஒன்பது கேள்விதான். வரிசையாப் பூஜ்யம் போட்டுக் கையெழுத்து போட்டுட்டாப் போதும். எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க.”

கண்டக்டரம்மா தாளை வாங்கவில்லை. மேஜையைச் சுற்றி வந்து, வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நான் இத்தனை பேரைக் கேட்டேன்ல சார். நீங்க என்னைக் கேளுங்க.”

“மேடம், வண்டி நிக்குது.”

“நிக்கட்டும்.”

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் கேள்வியை வாசித்தார்.

“எதிலயாவது மனசு ஒட்டுதா?”

“ரெண்டு போடுங்க.”

“மனசு இடிஞ்சு போன மாதிரி இருக்கா?”

“மூணு.”

“தூக்கம்?”

“மூணு. மூணு வருஷமா மூணுதான்.”

களைப்புக்கு மூன்று சொன்னாள். சாப்பாட்டுக்கு இரண்டு. நான் செய்தது தப்பு, நான் உதவாதவள் என்று தோன்றுகிறதா என்று கேட்டபோது பலகைச் சுவரைப் பார்த்தாள். பிறகு மூன்று என்றாள். கவனம் சிதறுகிறதா, ரெண்டு. உடம்பு படபடக்கிறதா, ரெண்டு. பலகைக்கு அந்தப் பக்கம் அத்தனை பேர் இருந்தும் ஒரு இருமல் சத்தம் கூட இல்லை. அவர்கள் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அறிக்கைக்காரர் ஒன்பதாவதை வாசிக்கத் தயங்கினார்.

“கேளுங்க சார். நான் ஒரு தடவை கூட அதைத் தாண்டிப் போனதில்ல.”

கேட்டார்.

“ஒண்ணு,” என்றாள். “சில நாள்.”

கூட்டிப் பார்த்தார். இருபத்தொன்று. படிவத்தின் அடியில் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்ததை அவள் பார்க்காமலே சொன்னாள். முப்பத்தாறு பேருக்கு அதை நிரப்பியவள் அவள்.

“பதினைஞ்சுக்கு மேல இருந்தா, ஒரு வாரத்துக்குள்ள, ஆலோசகர் இருக்கற பக்கத்து மையத்துக்கு அனுப்பணும். மையத்தோட பேர்னு கோடு போட்டிருக்கும். எழுதுங்க.”

அவர் பெரிய ஆஸ்பத்திரியின் பெயரை எழுதத் தொடங்கி, முதல் எழுத்திலேயே நிறுத்தினார். அங்கே யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அடித்துவிட்டுப் பேனாவைக் கோட்டின்மேல் வைத்தபடி இருந்தார். மை ஒரு பொட்டாக ஊறியது.

“அப்ப எந்தப் பேரைம்மா எழுதறது?” என்றார்.

“ரெண்டு வாரமா உங்களை நான் அதைத்தான் சார் கேட்டுக்கிட்டிருக்கேன்.”